படிவத்தில் இல்லாத காரணம்

பரீட்சைக் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் ஏழு பேருக்கும் என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வுபெற்றவர்களில் இனிமையாகப் புத்திமதி சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்தவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவை சுற்றறிக்கைகளில் இருக்கின்றன, போய் வாசியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கெட்டவர்கள் அநேகமாக இல்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனோடு சண்டை பிடிக்கலாம். இங்கே ஒவ்வொருவரும் தன் மேசைக்கு வந்ததைச் சரியாகச் செய்து அடுத்த மேசைக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் ஒரு பிள்ளையின் வருடம் போய்விடும். யார் செய்தது என்று தேடினால் ஆள் கிடைக்காது.

மன்னார்ப் பக்கத்து நறுவிலிக்குளத்து மாணவி ஒருத்தி ஒரு கடிதத்தில் முத்திரை குத்துவிக்க முதல் பஸ் ஏறிப் பிரதான வளாகத்துக்குப் போனாள். முத்திரைக்குப் பொறுப்பானவர் லீவு. முத்திரை அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு இன்னொருவரிடம். அவர் கூட்டத்தில். எல்லாரும் அவளோடு அன்பாகத்தான் கதைத்தார்கள். ஒருவர் தேத்தண்ணீரும் கொடுத்தார். முத்திரை இல்லாமல் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நீங்கள் வேலை செய்யப் போகும் இடம் இதுதான்.

நான் பிரதான வளாகத்துப் பரீட்சைக் கிளையில் இருபத்துநான்கு வருடம் இருந்துவிட்டு, கடைசி எட்டு வருடம் மன்னார் பிராந்திய நிலையத்துக்குப் பொறுப்பாக வந்தேன். வேலை செய்துகொண்டே பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கான நிலையம் அது. எனக்குச் சொந்த இடம் மன்னார்க் கடற்கரையில் உள்ள பள்ளிமுனை. ஊர் ஆள் என்றால் ஊர்ப் பிள்ளைகளின் நிலைமை தெரியும் என்று மேலிடம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜெனிற்றா என் வீட்டிலிருந்து நான்காம் வீடு. இறுதி வருடத்தில் எங்கள் நிலையத்திலேயே கெட்டிக்காரி அவள்தான். முதல் வகுப்பு எடுப்பாள் என்று விரிவுரையாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் நிலையத்திலிருந்து அதுவரை ஒருவரும் முதல் வகுப்பு எடுத்ததில்லை. ஆறு வினாத்தாள்களில் நான்கை எழுதி முடித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய தகப்பன் இன்னொருவரோடு கடல் தொழிலுக்குப் போனார். சோளகக் காற்றுப் பலமாக அடித்த கிழமை அது. படகு திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் தேடின, கடற்படையும் தேடியது. ஆளும் இல்லை, படகும் இல்லை. படகின் ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. வியாழக்கிழமை ஐந்தாம் வினாத்தாள், சனிக்கிழமை ஆறாவது. இரண்டு நாளும் அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. நான் காலையில் பரீட்சை நடத்திவிட்டுப் பின்னேரம் போய் அவர்களோடு கரையில் நின்றேன்.

நான் கரையில் நின்றேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பரீட்சைக்கு வராதவர்கள் பதினான்கு நாட்களுக்குள் அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு தடவை தோற்றிச் சித்தியடையாதவராகவே கணக்கெடுக்கப்படுவார். அடுத்த வருடம் எவ்வளவு திறமாக எழுதினாலும் சாதாரண சித்திதான், வகுப்புக் கிடையாது. படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சுகவீனம், அரசாங்க வைத்தியரின் சான்றிதழோடு. மற்றது நெருங்கிய உறவினரின் மரணம், மரணச் சான்றிதழோடு.

ஒன்பதாம் நாள் ஜெனிற்றா நிலையத்துக்கு வந்தாள். நான் படிவத்தை எடுத்து நீட்டி, இரண்டாவது பெட்டியைப் பேனையால் தொட்டுக் காட்டினேன்.

"இதை நிரப்பு. அப்பாவின்ர மரணச் சான்றிதழ் பிந்தும், தெரியும். அதுக்குப் பதிலா ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுத் தாறதுக்கு நான் ஒழுங்கு செய்யிறன்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா சாகேல்லை மிஸ்."

"அது சரி பிள்ளை. இது படிவத்துக்கு மட்டும்தான்."

படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் அலுவலக உதவியாளர் அடம்பன் என்ற வயல் ஊர்க்காரர். கந்தோர் நாட்களில் கடிதம் கட்டுவார், மற்ற நாட்களில் வயலில் நிற்பார். என்னைவிட இரண்டு வயது கூட. பதவியில் எனக்குக் கீழே இருந்தவர், ஆனால் நான் செய்யும் பிழையை என் முகத்துக்கு நேரே சொன்னவர் அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருவர்தான். கடிதக் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மிஸ், எங்கட பக்கம் மாடு துலைஞ்சாலே ஒரு மாசம் தேடுவம். நீங்கள் மனிசனைப் பதினாலு நாளிலை புதைக்கச் சொல்லுறீங்கள்."

"நானோ சொன்னனான்? விதி சொல்லுது."

"விதி கவுண்டரிலை இருக்கேல்லை மிஸ். நீங்கள்தான் இருந்தனீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. கடிதங்களைக் கட்டிக்கொண்டு போகும்படி சொன்னேன். அப்போது நான் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற எந்த அதிகாரியும் "சான்றிதழ் இல்லாவிட்டால் முடியாது" என்று சொல்லி முடித்திருப்பார், நான் வழி கண்டுபிடித்துக் கொடுக்கிறேனே என்று. வேலையில் ஆகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம், நாம் நல்லது செய்கிறோம் என்று நினைக்கும் நேரம்தான்.

பதினோராம் நாள் பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். கையில் தட்டச்சு செய்த சத்தியக்கடதாசி. "எனது கணவர் கடலில் மரணமடைந்துவிட்டார் என நான் உண்மையாக நம்புகிறேன்" என்று இருந்தது. சமாதான நீதவானிடமும் கதைத்து வைத்திருந்தேன். தாய் கையெழுத்து வைத்தால் மறுநாள் காலை வேலை முடிந்துவிடும்.

தாய் பிலோமினா என்னைவிடப் பத்து வயது குறைவு. "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். ஜெனிற்றா வீட்டில் இல்லை. வாசல் கொடியில் தகப்பனுடைய சறம் தோய்த்துக் காயப் போட்டிருந்தது. இறந்தவர்களுக்கான பூசைக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை, கடலுக்குப் போனவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்ற மன்றாட்டில்தான் பெயர் கொடுத்திருக்கிறாள் என்பது கோயிலுக்குப் போகிற எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கடதாசியை நீட்டினேன்.

அவள் வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"இது என்னக்கா?"

"பிள்ளையின்ர சோதினைக்கு. சும்மா ஒரு கடதாசி. நீ கையெழுத்து வைச்சா அவளின்ர முதல் வகுப்புக்குப் பிரச்சினை வராது."

"சும்மா கடதாசியோ?"

"ஓம். ஆருக்கும் தெரியவராது."

"போன வருசம் அக்கரையிலை, இந்தியாவிலை இருந்து ரெண்டு மாசத்துக்குப் பிறகு போன் பண்ணினவங்களே, எஞ்சின் பழுதாகிப் போய் அங்கை பிடிபட்டு, அவங்களின்ர வீட்டுக்கும் நீங்கள் இப்பிடி ஒரு கடதாசி கொண்டு போனனீங்களோ?"

அவள் எழும்பி நின்றாள்.

"என்ர தம்பியை ஆமி கொண்டு போன பிறகு எங்கட அம்மாவிட்டையும் ஒரு கடதாசியோடை வந்தவை. செத்துப்போனான் எண்டு கையெழுத்து வையுங்கோ, உதவி கிடைக்கும் எண்டு. அம்மா வைக்கேல்லை. கண் மூடும் வரைக்கும் வைக்கேல்லை. இப்ப என்ர பிள்ளை பாஸ் பண்ணுறதுக்கு நான் என்ர மனிசனைச் சாக்காட்ட வேணுமோ? அதுவும் ஆமிக்காரன் வந்து கேக்கேல்லை, நாலாம் வீட்டிலை இருந்து நீங்கள் வந்து கேக்கிறீங்கள்."

"பிலோமினா, நான் என்ன சொல்ல வந்தனான் எண்டா..."

"எழும்புங்கோ அக்கா."

எழும்பினேன். அவ்வளவு கோபத்திலும் அவள் மரியாதையை விடவில்லை. நான்தான் விட்டிருந்தேன்.

மறுநாள் காலை ஜெனிற்றா நிலையம் திறக்க முன்னரே வாசலில் நின்றாள். "அம்மாவைக் கரைச்சல் படுத்த வேண்டாம் மிஸ். எனக்கு வகுப்பும் வேண்டாம், சோதினையும் வேண்டாம். என்ர பேரை வெட்டிவிடுங்கோ" என்றாள். வெட்டுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது துணைவிதிப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. நாங்கள் எல்லாரும் படிவத்தை வைத்துத்தான் வேலை செய்கிறோம். படிவம் எதிலிருந்து வந்ததோ அந்தப் புத்தகத்தை ஒருவரும் திறப்பதில்லை. நான் பல வருடங்களாகத் திறந்ததில்லை.

அதில் மூன்று காரணங்கள் இருந்தன. சுகவீனம், மரணம், பல்கலைக்கழகத்தின் மூதவை ஏற்றுக்கொள்ளக்கூடிய வேறு காரணம்.

மூன்றாவது படிவத்தில் ஏன் இல்லை என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். பிரதான வளாகத்தில் இருந்த காலத்தில் 'வேறு காரணம்' என்ற பெட்டிக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம் கடிதங்கள் வரும். எருமை கன்று போட்டது, மச்சாளுக்குக் கலியாணம் என்றெல்லாம் எழுதுவார்கள். எல்லாவற்றையும் மூதவையின் குழுவுக்கு வைக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். வேலையைக் குறைப்பதற்காக அடுத்த தடவை படிவம் அச்சடித்தபோது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. கிளையில் என்னைப் பாராட்டினார்கள். அதன் பிறகு எத்தனை பிள்ளைகள் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

ஜெனிற்றாவை இருக்கச் சொன்னேன். வெற்றுத் தாள் ஒன்று கொடுத்தேன்.

"என்ன நடந்ததோ அதை மட்டும் எழுது. உனக்குத் தெரியாததை எழுதாதை."

"அம்மா கையெழுத்து வைக்க மாட்டா மிஸ்."

"அம்மாவின்ர கையெழுத்து தேவையில்லை. உன்ர மட்டும் போதும்."

அவள் நான்கு வரி எழுதினாள். அப்பா செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனார். இன்னும் வரவில்லை. அன்று முதல் நானும் அம்மாவும் கரையில் நிற்கிறோம். ஆகவே இரண்டு வினாத்தாள்களும் எழுதவில்லை.

இதைவிட நல்ல விண்ணப்பத்தை என் சேவைக் காலத்தில் நான் காணவில்லை.

கிராம அலுவலரிடமும் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் அடம்பன்காரரே சைக்கிளில் போய்க் கடிதம் வாங்கிவந்தார். படகு போனது, திரும்பவில்லை என்று மட்டும் அவற்றில் எழுதியிருந்தது. "எங்கையும் அந்தச் சொல் வராமப் பாத்துக்கொண்டனான் மிஸ்" என்றார். பதின்மூன்றாம் நாள் காலை எல்லாவற்றையும் பரீட்சைக் கிளைக்குத் தொலைநகலில் அனுப்பினேன். பின்னேரமே உதவிப் பதிவாளர் போன் எடுத்தார். நான் பழக்கிய பெடியன், கெட்டிக்காரன்.

"மிஸ், படிவம் இல்லாம வெறும் கடிதம் வந்திருக்கு."

"படிவத்திலை அந்தக் காரணம் இல்லை. துணைவிதியிலை இருக்கு. எடுத்துப் பாரும்."

"படிவம் இல்லாட்டி வாங்கக்கூடாது எண்டு நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித்தந்தனீங்கள்?"

"நான் சொல்லித்தந்தது பிழை."

மிகவும் பணிவாகச் சொன்னார். "அதை எழுத்திலை தாங்கோ மிஸ்."

அவர் கேட்டது சரி. படிவத்தில் ஒரு காரணத்தை நானே அதிகாரமில்லாமல் நீக்கினேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். பிழையை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லுவார்கள். போகாது. இரண்டு கிழமைக்குத் தேத்தண்ணீர் மேசையில் உங்களைப் பற்றிக் கதைப்பார்கள், அவ்வளவுதான்.

குழு என்னைக் கூப்பிட்டது. நீளமான மேசை, ஒன்பது பேர். தலைவர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தகப்பன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாமல் நாங்கள் எப்படி முடிவெடுப்பது?"

"தெரியாது சேர்."

"தெரியாது என்பது ஒரு காரணமா?"

"அதுதான் சேர் காரணம். செத்திருந்தா அடக்கம் முடிச்சிட்டு எட்டாம் நாள் சான்றிதழோடை வந்து படிவம் நிரப்பியிருப்பாள். உயிரோடை எண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே வந்து எழுதியிருப்பாள். ரெண்டும் தெரியாததாலைதான் கரையிலை நிண்டவள்."

ஒருவர் சிரிப்பை அடக்கினார், என் பேச்சு அவருக்குப் பட்டிக்காட்டுப் பேச்சாக இருந்திருக்கலாம். தலைவர் சிரிக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வினாத்தாள்களையும் அடுத்த முறை முதல் தடவையாகவே எழுதலாம்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஒன்றும் ஓர் இடத்தில் முடியாது. அனுமதிக் கடிதம் எழுதுகிறவரிடம் மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. மரணம் என்றால் அதற்கு ஒரு வசனம். அவர் அந்த வசனத்தைப் போட்டு அனுப்பிவிட்டார். "தங்கள் தந்தையின் மரணத்தைக் கருத்திற்கொண்டு" என்று தொடங்கும் கடிதம், அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்தது. மூன்று மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். திருத்துவதற்குத் திருப்பி அனுப்பினால் ஒரு வருடம் போய்விடும். ஜெனிற்றா முன்னால் நிற்கிறாள். கடிதத்தின் பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்து, அதை வாசித்து விளங்கிக்கொண்டதாக அவள் கையெழுத்து வைக்க வேண்டும்.

"சொல்லாமல் மடித்துக் கொடுத்திருக்கலாமே" என்று பிறகு ஒருவர் என்னிடம் கேட்டார். அவள் அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்திருப்பாளாம். இப்படிக் கேட்கிறவர்களோடு நீங்களும் வேலை செய்யப் போகிறீர்கள்.

நான் கடிதத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் அந்த வரியில் நின்றாள். பேனை எடுத்து 'மரணத்தை' என்ற சொல்லை வெட்டினேன். மேலே 'கடலிலிருந்து திரும்பாமையை' என்று எழுதி, என் சுருக்கக் கையெழுத்தும் திகதியும் போட்டேன். குழுவின் முடிவு அதுதான், கடிதம்தான் பிழை. ஆனால் பதிவாளரின் கையெழுத்துள்ள கடிதத்தில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அது தெரிந்துதான் செய்தேன். நீங்களும் ஒருநாள் அப்படிச் செய்ய வேண்டி வந்தால் மறைவாகச் செய்யாதீர்கள். பெயரைப் போட்டுச் செய்யுங்கள். தண்டிக்க வருகிறவர் உங்களைத் தேடி அலைய வேண்டி வரக் கூடாது.

ஜெனிற்றா கையெழுத்து வைத்தாள். என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பணிக் கோவையில் ஏறியது.

அவளுக்கு முதல் வகுப்பு வந்தது என்று எழுத எனக்கு ஆசை. வரவில்லை. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. தன்னைப் பொறுத்தவரை அது சரி என்றாள். இப்போது மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். பஸ் தரிப்பிடத்தில் கண்டால் நின்று கதைப்பாள். படகைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

குழுவில் நான் சொன்னதைப் பற்றி ஓய்வுபெறும் விழாவில் புகழ்ந்து பேசினார்கள். பிலோமினாவின் வீட்டுக்குள் நான் கொண்டுபோன கடதாசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஏனென்றால் அது ஒரு கோவையிலும் இல்லை. பின்னால் ஒரு சரியைச் செய்தால் முன்னால் செய்த பிழை அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை. அந்த வீட்டுக்கு அப்படி இல்லை.

போன கிழமை பாண் வாங்கப் பள்ளிமுனைக் கடைக்குப் போனேன். பிலோமினா எனக்கு முன்னரே வந்து நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் அவளுக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் ஒதுங்கி இடம் விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவவுக்கு முதல் குடுத்து அனுப்புங்கோ அண்ணை" என்று கடைக்காரரிடம் சொன்னாள். "நான் பிறகு வாறன்."

சீனி தராசிலேயே இருந்தது. அவள் வெளியே போய் வெயிலில் நின்றாள். நான் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.